எஸ்தர் செய்த மைக்கும் நான் எழுதிய காரணமும்

"ஒரு கருவி பழுதானால் அன்றைய தினம் பதிவேட்டில் எழுத வேண்டியது கண்டதும் கேட்டதும் மட்டுமே. காரணம் எழுதுவது, கருவியைச் செய்தவரின் முன்னிலையில் அதைத் திறந்து பார்த்த பிறகு."

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் மின்னணுவியல் ஆய்வகக் கையேட்டில் இது பதினான்காம் விதி. வேறு யாரோ எழுதி நான் மீறிய விதி என்றால் சமாதானம் சொல்ல இடமிருந்திருக்கும். அந்தக் கையேட்டை எழுதியவன் நான். அந்த விதியில் 'அன்றைய தினம்' என்ற சொற்கள் அவசியமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்து, அவசியம் என்று முடிவு செய்தவனும் நான்தான்.

போன மாதம் துறையிலிருந்து சுகன்யா என்ற விரிவுரையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு பணியில் சேர்ந்தவர். பழைய பழுதுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சார், ஒரு பக்கத்துல காரணம் ரெண்டு எழுதியிருக்குது. ரெண்டும் உங்க கையெழுத்து. சாஃப்ட்வேர் ஒண்ணுதான் வாங்குது. எதைப் போடறது?"

"எந்தக் கருவி?"

"கண்டென்சர் மைக், துறையில் செய்ததுன்னு போட்டிருக்குது சார்."

இரண்டாவதைப் போடச் சொன்னேன். அப்படியானால் முதலாவது என்ன என்று கேட்டார். அது நீளமான கதை என்றேன். "அப்ப டிபார்ட்மெண்ட் மலருக்கு எழுதிக் குடுங்க சார். இப்ப பசங்க நகத்தளவு மைக்கை ஆன்லைன்ல வாங்கி ஒட்டிடறாங்க. அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு தெரியட்டும். கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லது" என்றார்.

ஜாலியாக எழுத முயல்கிறேன்.

நான் படித்ததையும் பயிற்சி பெற்றதையும் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். வால்வு ரேடியோ காலத்தின் கடைசியில் படித்தேன். டிரான்சிஸ்டர் காலத்தில் வேலைக்கு வந்தேன். அதைப் பற்றவைக்கக் கற்று முடிப்பதற்குள் சில்லு வந்துவிட்டது. பயிற்சிக் காலத்தில் எனக்கு உருப்படியாகப் பிடிபட்டது அலுவலக நடைமுறை ஒன்றுதான். எந்தக் கோப்பு எந்த மேசைக்கு எந்த மேசை வழியாகப் போக வேண்டும், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் கழித்து நினைவூட்டு அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆய்வகக் கண்காணிப்பாளராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். சக ஊழியர்கள் விடுப்பு விதி தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேட மாட்டார்கள், என்னைத் தேடுவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் துறைத் தலைவர் பத்மநாபன். பன்னிரண்டு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. 'சரி' என்பதையும் கேட்டதாக நினைவில்லை. எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் முதலில் பேனாவை மூடுவார். மூடி பொருந்தும் அந்தச் சின்னச் சத்தம் கேட்ட பிறகுதான் முகம் நிமிரும். "வெச்சிட்டுப் போங்க" என்பார். மேசையின் இடப்பக்கத் தட்டில் வைத்துவிட்டு வருவோம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தட்டைப் பார்ப்பார். எல்லாச் செவ்வாய்க்கிழமைகளிலும் இல்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊழியர் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். உயிரோடு இருப்பவர்களின் காகிதத்துக்குத்தான் அவரிடம் அவசரம் கிடையாது.

எஸ்தர் எங்கள் ஆய்வகத்தின் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். அப்பா கொத்தனார்; அந்தக் குடும்பத்தில் டிப்ளமோ படித்த முதல் ஆள் எஸ்தர். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் முடியும், ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். இப்படியே எட்டு வருடம் ஓடியிருந்தது. எந்தக் கருவி எந்த மழையில் என்ன சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் இருந்த சாவிக்கொத்தைவிட அவர் ஞாபகம் உபயோகமானது.

அந்த வருடம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக உதவியாளர் ஒருவர் கற்பித்தலுக்கு உதவும் கருவி ஒன்றைத் தாமே வடிவமைத்து, அதை நிபுணர் குழு பார்த்து ஏற்றுக்கொண்டால், அவரை நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கலாம் என்றது. நான்தான் அதை எஸ்தரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதுல ஏதாச்சும் கொக்கி இருக்குதா சார்?"

"வயது வரம்பு இருக்குது. அது இன்னும் உனக்குத் தாண்டலை."

"அப்ப மைக் செய்யலாம் சார்."

மைக் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யும் வேலை எங்கள் துறையிடம் இருந்தது. இருந்த ஒரே மைக் செத்துவிட்டது. புது மைக் கேட்டுப் போன கோப்பு பத்மநாபனின் இடப்பக்கத் தட்டில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

கண்டென்சர் மைக்கின் தத்துவம் எளிது. துளைகள் போட்ட ஒரு பித்தளை வட்டு. அதற்கு எதிரே, தாளின் பாதிக் கனம்கூட இல்லாத இடைவெளியில், உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். இரண்டுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம். பேசினால் படலம் நடுங்கும்; நடுங்கினால் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றத்தைச் சிந்தாமல் வாங்கி ஒரு டிரான்சிஸ்டரிடம் சேர்ப்பதுதான் சர்க்யூட்டின் வேலை. அங்கே பிறக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். கை ரேகை பட்டால் போதும், அந்த வழியாக ஓடிவிடும்.

முதல் சர்க்யூட்டை நான் வரைந்தேன். புத்தகத்தில் இருந்தபடி, அச்சிட்ட பலகையில், பத்து மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டு, கரண்டில் ஓடும்படி. எஸ்தர் அதைச் செய்து, காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார்.

"எப்படி இருக்குது?"

"பேச்சு வருது சார். அடித்தொண்டையே காணோம். எல்லாரும் போன்ல பேசற மாதிரி இருக்குது. பின்னாடி ஒரு வண்டு வேற பாடிக்கினு இருக்குது."

வண்டு என்றது கரண்டின் இரைச்சலை. அடித்தொண்டை காணாமல் போனதற்குக் காரணம் நான் தேர்ந்தெடுத்த ரெசிஸ்டர். அது நூறு மடங்கு பெரிதாக, ஆயிரம் மெகா ஓம் இருக்க வேண்டும் என்று எஸ்தர் ஒரு தாளின் மூலையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. எனக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்றேன்.

"கெமிஸ்ட்ரியில ஒரு பிஹெச் மீட்டர் செத்துக் கிடக்குது சார். அதுல இருக்கும்."

இருந்தது. ஆனால் அது கழிவு செய்யப்படாத அரசுப் பொருள்; ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது. இங்கேதான் நான் பயன்பட்டேன். மூன்று பேர் கொண்ட குழு கையெழுத்திட்டுக் கருவியை உடைத்துவிட்டால் அது கழிவு. கழிவைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. குழுவைக் கூட்டி, சுத்தியலால் முறைப்படி ஓர் ஓரத்தில் தட்டி, மூன்று கையெழுத்து வாங்கி, அந்தக் கண்ணாடி ரெசிஸ்டரை எஸ்தரிடம் கொடுக்கப் போனேன்.

"கைய வெக்காதீங்க சார். எண்ணெய் இருக்குது."

"எண்ணெயைத் தலைக்குத்தான்மா தேய்க்கறேன்."

"தேய்ச்சது இதே கைதானே சார்."

சிமிட்டாவால் எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, பலகையில் படாமல் காற்றிலேயே நிற்கும்படி அதை டிரான்சிஸ்டரின் காலோடு சேர்த்தார். பலகைகூடக் கசியும் என்பது அவர் வாதம். கரண்டை விட்டுவிட்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் ஏழினை வரிசையாகக் கோத்தார். வண்டு பாட்டு நின்றது. படலத்தைப் பித்தளை வளையத்தில் ஒரே சீராக இழுத்துக் கட்டுவதுதான் கடினமாக இருந்தது. நான்கு கிழிந்தன. ஐந்தாவதை, பக்கத்து வீட்டுத் தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றி இழுத்துக் கட்டினார். நின்றது. எல்லாவற்றையும் ஓர் அலுமினியப் பெட்டியில் அடக்கி, நான்கு ஸ்க்ரூ போட்டு, மூடியின் மேல் 'திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார்.

பத்மநாபன் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பக்கத்து அறைக் கடிகாரம் கேட்டது. தம் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். அந்தச் சத்தத்தை இவ்வளவு துல்லியமாக அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். பிறகு, "நல்லா வந்திருக்கு. குழுவைக் கூப்பிட எழுதி வெச்சிட்டுப் போங்க" என்றார். அந்தக் கடிதம் மறுநாளே போனது. பன்னிரண்டு வருடத்தில் நான் கண்ட வேகம் அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு விடுமுறை என்பதால் முந்தின நாளே ஆய்வகத்தில் பூஜை போடுவோம். எஸ்தர் அன்று வரவில்லை. அக்கா குழந்தைக்குச் சர்ச்சில் ஞானஸ்நானம். அலுவலக உதவியாளர் மாணிக்கமும் நானும் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தோம். அலைமானி, மின்மாற்றி, டிரில்லிங் மிஷின், என் நாற்காலிகூட. மைக் பெட்டிக்கு வந்ததும் மாணிக்கம் மூடியின் மேல் வைக்கப் போனார். அந்த மூடிக்குள்ளே இருந்த வேலைப்பாடு எனக்குத் தெரியும். காற்றில் நிற்கும் அந்தக் கண்ணாடி ரெசிஸ்டரை அன்றைக்கு வந்து போகிற எல்லோரும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"எஸ்தரம்மா தொறக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிக்கீது சார்" என்றார் மாணிக்கம்.

"அது பசங்களுக்குப்பா."

பெட்டியின் உள்விளிம்பில் என் கையாலேயே சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். ரெசிஸ்டரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளித்தான் வைத்தேன். விவரம் தெரிந்தவன் இல்லையா. சந்தனம் காயும், காய்ந்தால் குங்குமம் பொடியாக உதிரும், பெட்டியை நிமிர்த்தினால் உதிர்ந்தது எங்கே போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. விடுமுறை முடிந்து முதல் ஆளாக வந்து, உலர்ந்த துணியால் துடைத்து, மூடினேன்.

எஸ்தர் பெட்டியைக் கையில் எடுத்ததுமே கேட்டார்.

"ஸ்க்ரூ திரும்பியிருக்குதே சார். யாராச்சும் தொறந்தாங்களா?"

"பூஜைக்குத் தூசி தட்டியிருப்பாங்க."

அவர் சோதித்துப் பார்த்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மைக் நன்றாகவே வேலை செய்தது. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

குழு நவம்பரில் வந்தது. சென்னையிலிருந்து மூன்று பேர். மூன்று நாளாக மழை. ஆய்வகச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துக்கு வருகிற எந்த ஆய்வுக் குழுவும் பட்டுக் கடைக்கு நேரம் ஒதுக்காமல் வந்து நான் பார்த்ததில்லை. கோயில் நடை நான்கு மணிக்குத் திறக்கும், அதற்கு முன் கடை. எனவே எங்கள் ஊரில் அறிவியல் மதியம் மூன்று மணிக்கு முடிந்துவிடும். பத்மநாபன் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

எஸ்தர் சர்க்யூட்டை விளக்கினார். குழுவில் மூத்தவர் ஹெட்போனில் கேட்டுத் தலையாட்டினார். முதல் கால் மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு உள்ளே பொரி வறுப்பது போல ஒரு சத்தம் தொடங்கியது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். பேச்சே கேட்காத அளவுக்குப் பொரிந்தது.

எஸ்தர் முகம் மாறவில்லை. "சார், இது ஈரம். உள்ள எங்கியோ ஈரம் புடிச்சிக்கினு கசியுது. தொறந்து பார்க்கலாம் சார். பல்பு வெச்சி ஒரு மணி நேரம் காய வெச்சாப் போயிடும்" என்றார்.

அவர் கேட்டது பதினான்காம் விதியைத்தான், எண்ணைச் சொல்லாமல். பத்மநாபன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

"ஒரு மணி நேரமெல்லாம் இல்லம்மா. அவங்களை மூணு மணிக்குக் கூட்டிட்டுப் போகணும். என்ன காரணம்னு பதிவேட்டுல எழுதிடுங்க, குழு அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்" என்று பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

குழுவின் மூத்தவர் என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்களுக்கு அனுபவம் இருக்கே. நீங்க என்ன நினைக்கறீங்க?"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. 'தெரியவில்லை, திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்த நினைவு எனக்கு வந்ததா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது. திறந்தால் உள்ளே ஏதாவது தெரியுமோ என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"பற்றவைத்ததில் குறை மாதிரி தெரியுது சார். டிரை சால்டர்" என்றேன். அதையே எழுதினேன்.

"என் சால்டரா சார்?" என்றார் எஸ்தர். சத்தமாகக்கூட இல்லை. நான் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

குழு மூன்று மணிக்குப் பட்டுக் கடைக்குப் போனது. 'வடிவமைப்பு பாராட்டத்தக்கது, செய்நேர்த்தி போதாது, ஏற்க இயலவில்லை' என்று அறிக்கை வந்தது. செய்நேர்த்தி போதாது என்று எழுதப்பட்ட ஒருவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யாருக்கும் துணிவில்லை. மார்ச் கடைசி நாளன்று எஸ்தர் தம்மிடம் இருந்த கருவிகளைப் பட்டியல்படி ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். கடைசியில் மைக் பெட்டியைக் காட்டி, "இது வேலைக்கு ஆகாதுன்னு எழுதிட்டீங்க இல்ல சார், நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

அரசுச் செலவில் செய்த பொருள், கழிவு செய்யும்வரை யாருக்கும் கொடுக்க விதியில்லை என்று சொன்னேன். விதி எண்ணையும் சொன்னேன். விதியெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

ஜூன் மாதம் அந்தப் பெட்டி கழிவுப் பட்டியலுக்கு வந்தது. கண்ணாடி ரெசிஸ்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று திறந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ரெசிஸ்டரின் உடம்பில், இரண்டு முனைகளுக்கும் நடுவே, செந்தூளாக ஒரு கோடு. பேட்டரிகளை மாற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அமைதி. வாயைக் குவித்து அதன்மேல் ஒரு தடவை ஊதினேன். பொரிந்தது. மூச்சின் ஈரம் காய்ந்ததும் நின்றது. ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன்; பஞ்சு ரோஜா நிறமானது. மறுபடி ஊதினேன். சத்தமில்லை. பத்துத் தடவை ஊதியிருப்பேன். எஸ்தர் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சிமிட்டாவால் அசைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

என் பணிக்காலத்தில் நான் செய்த ஒழுங்கான பரிசோதனை அதுதான். ஏழு மாதம் தாமதமாகச் செய்தேன்.

பதிவேட்டில் முதல் காரணத்துக்குக் கீழே இரண்டாவது காரணத்தை எழுதினேன். தலைமை அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டு பத்மநாபனிடம் போனேன். பேனாவை மூடினார், படித்தார்.

"குங்குமம் விழுந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. யார் வெச்சதுன்னு கேப்பாங்களே."

"நான்தான் சார்."

"அதை எழுதலையே."

"எழுதணுமா சார்?"

அவர் கடிதத்தை என்னிடமே நீட்டினார். "வெச்சிட்டுப் போங்க" என்றார். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் கேட்டது எனக்கான எச்சரிக்கையா, அல்லது எழுது என்று சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அன்று எனக்கு வசதியாக இருந்த பொருளை எடுத்துக்கொண்டேன்.

எஸ்தரிடம் நேரில் சொல்வதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். காலை ஆறரைக்கு ஐயம்பேட்டை நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார் என்று மாணிக்கம் சொன்னார். போனேன். சொன்னேன்.

"பொட்டா சார்? என் மைக்குக்கா?"

"ஆமாம்மா."

"நான் ஞானஸ்நானத்துக்குப் போன அன்னிக்கு அதுக்குச் சடங்கு சுத்திட்டீங்க." சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அன்னிக்கு ஸ்க்ரூவைப் பார்த்துக் கேட்டேன் சார். தூசின்னீங்க."

நான் திருத்தக் கடிதம் அனுப்பியிருப்பதைச் சொன்னேன். அறிக்கையை மாற்றினால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றேன்.

"வர்ற வருசம் ஜூலை ஒண்ணு வந்தா எனக்கு வயசு தாண்டிடும் சார். அதுக்குள்ள வருமா?"

"வரணும்."

"நீங்க ஒரு நாள் பஸ் ஏறிப் போயி, குழுவுல வந்த அந்தப் பெரியவருகிட்ட நேர்ல சொல்லிட்டு வாங்களேன். உங்க வாயால சொன்னா முடிஞ்சிது. ரெண்டு மணி நேரம்தானே சார் மெட்ராஸு."

"அப்படிப் போகக் கூடாதும்மா. துறைத் தலைவர் வழியாத்தான் போகணும். அதுக்கு முறை இருக்குது."

பஸ் வந்துவிட்டது. ஏறியவர் படியில் நின்று திரும்பினார். "அந்த முறை அன்னிக்கு ரெண்டரை மணிக்கு எங்க சார் போயிருந்தது?"

மற்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கிளீனர் கதவைச் சாத்தினார்.

நான் சென்னைக்குப் போகவில்லை. அறுபது நாளில் முதல் நினைவூட்டு. அதற்கு அறுபது நாள் கழித்து இரண்டாவது. இரண்டும் இடப்பக்கத் தட்டு வழியாக. பிப்ரவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் கேள்வி வந்தது: 'மேற்படி பொருள் கருவிக்குள் எவ்வாறு சேர்ந்தது, யாரால் என்று தெரிவிக்கவும்.' அதற்கான பதில்தான் முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். எட்டு மாதம் அதற்காகப் போயிருந்தது. அந்த மாதம் முழுக்க அதை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு வரி எழுத ஒரு மாதம் என்றால் ஜாலியான ஆள்தான். 'மூடியைத் திறந்ததும், வைத்ததும், மறைத்ததும் நான்' என்று மார்ச் முதல் வாரத்தில் அனுப்பினேன்.

மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு. மாலை போட்டார்கள். நடைமுறைகளின் நடமாடும் நூலகம் என்று பத்மநாபன் பேசினார். கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போய், தலைமை அலுவலகத்திலிருந்து எஸ்தர் விஷயமாக எது வந்தாலும் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பேனா கையில் இல்லாததால் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

ஜூன் மாதம் நான் செவிலிமேட்டில் வீட்டில்தான் இருந்தேன். இனி நான் யாருக்குக் கீழேயும் இல்லை. யார் வழியாகவும் போக வேண்டியதில்லை. எந்த நாளிலும் பஸ் ஏறியிருக்கலாம். ஓய்வு பெற்றவர் அலுவலக விஷயமாகத் தலைமை அலுவலகத்துக்குப் போனால் எந்தத் தகுதியில் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. ஜூன் இருபத்தெட்டாம் தேதி எஸ்தர் தொலைபேசியில், "ஏதாச்சும் வந்துதா சார்?" என்றார். இல்லை என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

பதில் வந்திருந்தது. ஜூன் பதினாறாம் தேதியிட்ட கடிதம். கல்லூரி முகவரிக்கு, என் பெயருக்கு வந்திருந்தது. நான் பணியில் இல்லாததால் அதை யார் பிரிப்பது என்று தபால் பிரிவு குறிப்பு எழுதிக் கேட்டிருக்கிறது. குறிப்பு துறைத் தலைவரின் தட்டில் இரண்டு செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்திருக்கிறது. 'பெறுநரின் வீட்டு முகவரிக்குத் திருப்புக' என்று பச்சை மையில் கையெழுத்தான பிறகு, நடந்தே வந்து கொடுக்கக்கூடிய தூரத்துக்கு அதைச் சாதாரணத் தபாலில் போட்டிருக்கிறார்கள். முறைப்படி எல்லாம் சரி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உறையைப் பிரித்தேன். நான்கு வரி. நிபுணர் குழுவின் பாதகமான கருத்து நீக்கப்படுகிறது. கருவி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. விண்ணப்பிக்கும் நாளன்று வயது வரம்புக்குள் இருப்பின், திருமதி எஸ்தர் ஜூன் முப்பதாம் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம். நிரந்தரப் பணிக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்படும். உறையின் மேல் எங்கள் அஞ்சலகத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. ஜூலை மூன்று, வியாழக்கிழமை.